கரையில் நிறுத்திக் கழுவிய வண்டி

1

ஊரிலிருந்து யார் பேசினாலும் பேச்சு முடியும் நேரத்தில் ஒரு கேள்வி வரும். "அங்க போயி இத்தன வருஷம் ஆச்சே, இன்னும் பழைய வண்டிதானா?" ஆமாம், பழைய வண்டிதான். வின்னிபெக்குக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் நான் வாங்கிய நான்கு வண்டிகளும் வேறு யாரோ ஓட்டிக் களைத்தவை. ஷோரூம் வாசலில் மாலை போட்ட காரும் கையில் பெரிய அட்டைச் சாவியுமாக நான் நிற்கும் படத்தை எங்கள் அத்தை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார். அது வருவதாக இல்லை.

இந்த ஜூலையில் ஐந்தாவது வண்டி தேடினோம். எனக்கில்லை, மகள் யாழினிக்கு. அவளுக்கு வடக்கே ஒரு சுரங்க ஊரில் பள்ளி ஆசிரியை வேலை கிடைத்தது. இங்கிருந்து ஒன்பது மணி நேரப் பயணம். வழியெல்லாம் காடும் ஏரியும். பல இடங்களில் போனில் சிக்னல் கிடையாது, பெட்ரோல் பங்கும் கிடையாது. ஜனவரியில் மைனஸ் நாற்பது. அந்த ரோட்டில் வண்டி நின்றால், எங்கள் ஊர் வலங்கைமான் ரோட்டில் நின்றதுபோல இறங்கித் தள்ள நாலு பேர் வரமாட்டார்கள். என் மனைவி செல்விக்கு வண்டிகளைப் பற்றி ஒரே ஒரு கருத்துதான் உண்டு. "அவ போற வண்டி நிக்கக் கூடாதுங்க. கலரு, கம்பெனி எல்லாம் நீங்களே பாத்துக்கங்க."

ஆகவே பழைய எஸ்யூவி வாங்குவது எப்படி என்று நாலு பேருக்கு உதவியாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையும் எழுதுகிறேன். ஆனால் எழுத வைத்த காரணம் வேறு. எங்கள் அப்பாவும் சேவியர் மாமாவும் இருபத்தெட்டு வருடமாகப் பேசிக்கொண்டதில்லை. அதற்கு யார் காரணம் என்று, தூக்கி நிறுத்தியிருந்த ஒரு வண்டிக்கு அடியில் நின்றபோது எனக்குத் தெரிந்துபோயிற்று. நான்தான்.

2

முதலில் வண்டி.

பழைய எஸ்யூவி பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச்சும் ஒரு பழைய பாயும் எடுத்துப் போங்கள். பாயை விரித்து, மல்லாந்து படுத்து, அடியில் பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கீழே இரும்புச் சட்டம் அப்பளமாக உதிரும். வேதாரண்யம் பக்கம் உப்பளத்து ரோட்டில் ஓடின பஸ்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்தால் காலடியில் தார் ரோடு தெரியும்.

அடுத்து டயர். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானம் இருக்க வேண்டும். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டியில் ஒரு டயர் மட்டும் புதிதாக இருந்தால் அதன் சுற்றளவு மாறிவிடும். அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிச் சரிக்கட்டியே உள்ளே இருக்கும் இணைப்பு சூடேறிக் கெட்டுப்போகும். டயரில் மிச்சம் பிடிக்கிறவர் எண்ணெய் மாற்றுவதிலும் மிச்சம் பிடித்திருப்பார் என்பது என் அனுபவம்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை பேசும். ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் சங்கிலி கலகலத்தால் கும்பிடு போட்டு வந்துவிடுங்கள். நீலப்புகை என்றால் எண்ணெய் குடிக்கிறது. வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, லேசாக இனிப்பு வாடையும் அடித்தால் ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் போகிறது. ரிவர்ஸிலிருந்து முன்னுக்குப் போடும்போது ஒரு யோசனை யோசித்துவிட்டு நகரும் ஆட்டோமேட்டிக் கியர், மெதுவாகப் போகையில் உதறும் கியர், இரண்டுமே வீட்டை விற்க வைக்கும். வேகம் ஏற ஏற ஒரு முனகல் ஏறினால் சக்கர பேரிங்.

இதையெல்லாம் நான் படுத்தும் எழுந்தும் பார்த்துக்கொண்டிருக்க, யாழினிக்குத் தனியாக ஒரு பட்டியல் இருந்தது. போன் இணையுமா, சீட் சூடாகுமா, காபி வைக்க இடம் இருக்கா.

"காபி வைக்கிற எடத்துக்கா வண்டி வாங்குறோம்?"

"ஒன்பது மணி நேரம் டிரைவ் பண்றது நான், அப்பா. நீ இல்ல."

மூன்று சனிக்கிழமைகளில் நான்கு வண்டிகளைக் கழித்துவிட்டோம். ஒன்றில் சட்டம் துரு, ஒன்றில் கியர், ஒன்றில் நாலு டயரும் நாலு ஜாதி. நாலாவதன் சொந்தக்காரர் அதை ஏற்கெனவே வேறொருவருக்கு விற்றுவிட்டார், சொல்லத்தான் மறந்துவிட்டார்.

நடுவே அலுவலகங்கள். வண்டி மேல் கடன் இருக்கிறதா என்று தேட ஒரு படிவம், பாதுகாப்புச் சான்றிதழுக்கு ஒரு படிவம், இன்ஷூரன்ஸுக்கு ஒன்று. எல்லாவற்றிலும் குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டதால் நான் இங்கே இளங்கோ இல்லை, மிஸ்டர் தங்கராசு. மகளும் யாழினி தங்கராசு. கவுண்டரில் "டாங்கரசூ" என்று கூப்பிடும்போதெல்லாம், வரப்பிலிருந்து அப்பா எழுந்து வருவார் என்று எனக்குத் தோன்றும். அவர் இந்த நாட்டுக்கு வந்ததே இல்லை. இங்குள்ள எல்லா ஆபீஸிலும் அவரைத்தான் அழைக்கிறார்கள்.

3

ஐந்தாவது வண்டி வால்ட்டர் என்ற பெரியவருடையது. எழுபதைத் தாண்டியவர். பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சாம்பல் நிற எஸ்யூவி. ஒரே கையில் இருந்த வண்டி, கொட்டகைக்குள் நின்ற வண்டி. எப்போது எந்த எண்ணெய் மாற்றினார் என்று ஒரு கோப்பு நிறையக் காகிதம். அடியில் துரு இல்லை. நாலு டயரும் ஒன்றுபோல. குளிர்ந்த எஞ்சின் ஒரு சத்தமில்லாமல் எழுந்தது. வண்டியின் பின்னால் இழுவைக் கொண்டி இருந்ததையும், முற்றத்தில் தார்ப்பாய் மூடிய ஒரு மோட்டார் படகு நின்றதையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

யாழினி ஓட்டுநர் இருக்கையில் ஏறி, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தாள். "அப்பா, இதுதான்" என்றாள். தமிழில் சொன்னாள். அவளுக்கு நிச்சயமான விஷயங்கள் மட்டும்தான் இப்போதெல்லாம் தமிழில் வருகின்றன.

வாங்கும் முன் நம் சொந்த மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். நான் போவது ரமோனிடம். பிலிப்பைன்ஸ்காரர், பேச்சு குறைவு. வண்டியை லிஃப்டில் தூக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசியாகப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் நடுவே குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியலுக்கு வந்தார். ஊர் மெக்கானிக்குகள் கிரவுன் என்பார்களே, அது. அதன் திருகைக் கழற்றி விரலை விட்டு எடுத்தார். என்னிடம் காட்டினார்.

தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது.

நான் கோதுமைக் கிடங்கில் ஈரப்பதம் அளக்கிற வேலை பார்க்கிறவன். ஊரில் அப்பா கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்க்கிறவரோடு வருடாவருடம் மல்லுக்கு நிற்க, மகன் இங்கே மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். ஈரம் எங்கே இருக்கக் கூடாதோ அங்கே இருந்தால் எனக்கு ஒரு பார்வையில் தெரியும்.

"இங்கே எப்படித் தண்ணீர் வந்தது?" என்று கேட்டேன்.

"படகு" என்றார் ரமோன்.

பிறகு விளக்கினார். இரண்டு மணி நேரம் படகை இழுத்துக்கொண்டு ஏரிக்குப் போவார்கள். கிரவுன் கொதிக்கும் சூட்டில் இருக்கும். போன சூட்டோடு வண்டியைப் பின்னுக்கு எடுத்து, படகு மிதக்கும் அளவுக்கு ஏரித் தண்ணீரில் இறக்குவார்கள். சூடான இரும்பு சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். கொதித்த பாத்திரத்தை மூடிக் குளிர்ந்த தண்ணீரில் வைத்தால் மூடியை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்ளும் அல்லவா, அதேபோலக் கிரவுனும் எதையாவது உள்ளே இழுக்கும். அது மூச்சு விட மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு, அச்சுமுனையில் ரப்பர் வளையங்கள் உண்டு. அவை வழியாகத் தண்ணீரைக் குடித்துவிடும். உடனே ஒன்றும் தெரியாது. பேரிங் மெல்லத் துருப்பிடிக்கும். ஒருநாள் ரோட்டில் இறுகிக்கொள்ளும்.

"வண்டியைத் தண்ணீரில் இறக்குவது தப்பில்லை. சூட்டோடு இறக்குவதுதான் தப்பு" என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

என்னால் அந்த எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. அதே நிறத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். மன்னார்குடி தாண்டி, ரோட்டோரத்தில், பட்டுச் சட்டையோடு நின்றுகொண்டு.

வெளியே வந்து வால்ட்டருக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். வேறு வண்டி பார்க்கிறோம், நன்றி. அவ்வளவுதான். யாழினிக்கு முகம் வாடிவிட்டது. "அவர் நம்மள ஏமாத்தினாரா, அப்பா?" என்று கேட்டாள்.

"படகு வச்சிருக்கிற ஆளு. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றேன்.

4

சேவியர் மாமா டீசல் எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். வலங்கைமானில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, கோயிலை ஒட்டி அவர் வீடு. கோயில் என்றால் மாதா கோயில். எங்கள் பம்ப்செட் இருமினால் அவர் வருவார், அவர் வீட்டுக்கு அரிசி எங்கள் வயலிலிருந்து போகும். அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் மாப்ள என்றே கூப்பிடுவார்கள். யார் யாருக்கு மாப்பிள்ளை என்று கடைசி வரை யாருக்கும் தெரியாது. கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும், ஆயுத பூஜைக்குப் பொரி போகும்.

அவருடைய ஜீப்பை அப்பா வாங்கினார். வெளியில் கேட்டவர்களுக்குக் கொடுக்காமல் அப்பாவுக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது இருபது வயது. லைசென்ஸ் எடுத்த சூடு ஆறவில்லை. அந்த ஜீப்பை ஓட்ட எனக்குக் காரணம் கிடைத்தால் போதும்.

ஆயுத பூஜைக்கு முதல்நாள் பூவும் பொரிகடலையும் வாங்கக் கும்பகோணம் போய் வந்தேன். வரும்போது ஒரே மிதி. வண்டியைக் கழுவ வேண்டும் என்றதும் அப்பா சொன்னார், "ஆத்துல எறக்காதடா. சறுக்குல மேல ஏறாது. கரையிலயே நிறுத்தி வாளியில மொண்டு கழுவு."

குடமுருட்டியில் அன்று நல்ல தண்ணீர். படித்துறைக்குப் பக்கத்துச் சரிவில் எங்கள் ஊர் வண்டிகளெல்லாம் இறங்கி நின்றன. டிராக்டர், வேன், ஒரு லாரி. ஆயுத பூஜைக்கு வண்டியை ஆற்றில் குளிப்பாட்டுவது எங்கள் பக்கம் யாரும் யோசித்துச் செய்கிற காரியம் இல்லை. கூட்டாளிகள் தண்ணீரிலிருந்து கை காட்டினார்கள். வாளியும் கையுமாகக் கரையில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது. கும்பகோணத்துச் சூடு ஆறாத ஜீப்பை நேராக உள்ளே இறக்கினேன். சக்கரம் முக்கால்வாசி முழுகியது. வைக்கோலும் சோப்பும் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தேன். நல்லபடியாக மேலேயும் ஏறிவிட்டது. அப்பாவுக்குத் தெரியாது. சந்தனம் குங்குமம் வைத்த ஜீப்பைப் பார்த்து, "பரவாயில்லியே" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய பாராட்டு.

கார்த்திகையில் எங்கள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம். திருத்துறைப்பூண்டி மாப்பிள்ளை. தட்டுகளை ஜீப்பில் ஏற்றி, அப்பா, சித்தப்பா, நான், சேவியர் மாமா நான்கு பேரும் முன்னால் போனோம். மாமா இல்லாமல் அப்பா எந்த நல்ல காரியத்துக்கும் போனதில்லை. மன்னார்குடி தாண்டியதும் பின்பக்கம் ஊளையிட ஆரம்பித்தது. ஒரு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, பின்சக்கரம் இறுகி வண்டி குறுக்கே திரும்பி நின்றது. தட்டெல்லாம் கவிழ்ந்தது. நல்ல நேரம் கையைவிட்டுப் போனது. தகவல் தெரிந்து சம்பந்தி வீட்டு ஆட்கள் வேன் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் மன்னார்குடி மெக்கானிக் கிரவுனைத் திறந்தான். வெள்ளை வெளேரென்று ஊற்றியது.

"தண்ணி ரொம்ப நாளா இருக்குங்க. வித்தவன் தெரிஞ்சேதான் தள்ளியிருக்கான்" என்றான். விற்றவர் பக்கத்தில் நிற்கிறார் என்று அவனுக்குத் தெரியாது.

சேவியர் மாமா குனிந்து சக்கரத்தின் உள்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் கேட்டார். "தம்பி, வண்டிய ஆத்துல எறக்குனியா?"

அப்பா என்னைப் பார்த்தார்.

"இல்ல மாமா. கரையில நிறுத்தி வாளியில மொண்டுதான் கழுவுனேன்" என்றேன்.

சொல்லும்போது அது ஒரு பொய் என்றுகூட நினைக்கவில்லை. அப்பாவிடம் அடி வாங்காமல் தப்பிக்க ஒரு வார்த்தை. ஆற்றில் இறங்கினால் வண்டிக்கு என்ன ஆகிவிடும், எல்லா வண்டியும்தானே இறங்குகிறது என்பதுதான் என் எண்ணம்.

மாமா அப்பாவைப் பார்த்து, "மாப்ள, மாதா மேல சத்தியமா, நான் குடுக்கையில வண்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அப்பாவுக்கு அவமானம் தலைக்கேறியிருந்தது. "வண்டிய வித்தது போதும், மாதாவையும் சேத்து விக்காத" என்றார். சம்பந்தி வீட்டார் எல்லாரும் கேட்டார்கள்.

மாமா கவிழ்ந்து கிடந்த தட்டுகளில் இரண்டை எடுத்து வேனில் வைத்தார். பிறகு எதிரே வந்த மன்னார்குடி பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அத்தோடு சரி. கேக்கும் இல்லை, பொரியும் இல்லை. ஒரே டீக்கடையில் ஆளுக்கொரு பெஞ்சு. சேவியர் மாமாவின் மனைவி மேரி இறந்தபோது அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு கிளம்பி, தெருமுனை வரைக்கும் போய், பூப்பல்லக்கு கடந்து போகும்வரை அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினாராம். அம்மா போனில் சொன்னபோது, இந்தக் கிழவர்களுக்கு என்ன வீம்பு என்று நான் அலுத்துக்கொண்டேன். நான்!

5

ரமோனின் கடைக்குப் போய்வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அப்பாவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம் ஐந்தரை. அப்பாவுக்கு எழுபத்தொன்பது ஆகிறது. காது நன்றாகக் கேட்கிறது, அதுதான் அன்று எனக்குக் கஷ்டம்.

"அப்பா, ஜீப்ப நான் ஆத்துல எறக்குனேன்."

"எந்த ஜீப்பு?"

"சேவியர் மாமா ஜீப்பு. ஆயுத பூசைக்கு."

ரமோன் சொன்னதையெல்லாம் சொன்னேன். கும்பகோணத்திலிருந்து வந்த சூடு, ஆற்றுத் தண்ணீர், மூச்சுக்குழாய். பம்ப்செட்டோடு வாழ்ந்த மனிதருக்கு அதைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"அன்னிக்கு அவன் ஒன்னக் கேட்டானுல்ல?"

"கேட்டாருப்பா."

"வாளியில மொண்டுதான்னு சொன்ன."

"ஆமாம்பா."

"என் மொகத்தப் பாத்துதான சொன்ன?"

"ஆமாம்பா."

என்னிடம் சொல்வதுபோல் இல்லாமல் சொன்னார். "மாதாவச் சொல்லிட்டனேடா."

போன் வைக்கப்பட்டது. நான் சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தெட்டு வயதில், காபி ஆறிக்கொண்டிருக்க, ஒரு ஜீப்புக்காக. செல்வி பக்கத்தில் வந்து தோளில் கை வைத்தாள். யாழினி மாடியிலிருந்து இறங்கி வந்து, "தாத்தா ரொம்ப அப்செட்டா?" என்று கேட்டாள். நடந்தது முழுவதையும் அவளுக்குச் சொன்னேன். பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில். பொரி என்றால் என்ன, சம்பந்தி என்றால் என்ன என்று இடையிடையே கேட்டாள். கடைசியில், "இருபது வயசா உனக்கு? என்னவிட சின்னப் பையன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் காபியைச் சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

மூன்று நாள் அப்பா போனை எடுக்கவில்லை. அம்மாதான் எடுத்தார். "சாப்புடுறாரு, வயலுக்குப் போறாரு. பேச்சுதான் இல்ல. நீங்க ரெண்டு பேரும் என்ன பேசித் தொலைச்சீங்க?"

6

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தெரியாத எண்ணிலிருந்து வீடியோ கால். சேவியர் மாமாவின் மருமகள் போன் அது. திரையில் முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது, பிறகு ஒரு காது, பிறகு மாமா. முடி முழுவதும் கொட்டிவிட்டது. மற்றபடி அதே முகம். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், கேமராவைப் பார்க்காமல், எங்கள் அப்பா.

"தம்பி, நல்லா இருக்கியா?"

"மாமா" என்று மட்டும் சொன்னேன்.

"காலையில கோயில்ல பூசை முடிஞ்சு வெளிய வரேன். ஒங்கப்பன் செருப்ப வெளிய விட்டுட்டு, மாதா செலை இருக்குற கெபிக்கு முன்னாடி கையக் கட்டிக்கிட்டு நிக்கிறான். என்கிட்ட வரல. மொதல்ல அங்கதான் போயிருக்கான்."

"சும்மா இரு மாப்ள" என்றார் அப்பா.

மாப்ள. அந்த வார்த்தையை நான் இருபத்தெட்டு வருடம் கழித்துக் கேட்டேன்.

"மாமா, நான் பொய் சொல்லிட்டேன். என்னாலதான்..."

"தெரியும்டா. சக்கரத்துக்குள்ள, பிரேக் டிரம் ஓரத்துல ஆத்து மணலு அப்பிக் கெடந்துச்சு. கரையில நிறுத்திக் கழுவுன வண்டியில அங்க எப்படி மணலு வரும்?"

"அப்பவே ஏன் சொல்லல மாமா?"

"சொல்லியிருந்தா ஒன்ன அங்கயே, சம்பந்தி வீட்டாளுங்க முன்னாடி வச்சு அடிச்சிருப்பான். கல்யாணக் காரியம். ஊருக்கு வந்து தனியா சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அதுக்குள்ள அவன் மாதாவ இழுத்துட்டான்." வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார். "பெறகு எனக்கும் வீம்பு. அவனா வரட்டும்னு உக்காந்துட்டேன். வந்துருவான், வந்துருவான்னு பாத்தே வருஷம் போயிடுச்சு. மேரிக்கு இதுல ரொம்ப வருத்தம். அவ இருக்கும்போதே வந்திருக்கலாம்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா அவர் பக்கம் திரும்பாமல், நாற்காலிக் கையில் இருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்தார். எஞ்சின் எண்ணெய் ஏறிக் கறுத்த அந்த விரல்களை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு மாமா, தொழில்காரர் அல்லவா, வண்டி விஷயத்துக்கு வந்தார். என்ன வண்டி, எத்தனை வருடம், எண்ணெய் என்ன நிறம் என்றெல்லாம் விசாரித்தார். எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் ஒன்று கேட்டார்.

"அந்தப் படகுக்காரரு... அவருகிட்ட சொன்னியா, எண்ணெயில தண்ணி இருக்குன்னு?"

"இல்ல மாமா. வேணாம்னு மட்டும் செய்தி அனுப்பிட்டேன்."

"அவருக்குத் தெரிஞ்சிருக்காதுடா தம்பி" என்றார் சேவியர் மாமா. "போயி சொல்லு."

7

அன்று மதியமே யாழினியும் நானும் வால்ட்டர் வீட்டுக்குப் போனோம். போன் செய்யாமல் போனோம், இங்கே அது மரியாதை இல்லை என்று தெரிந்தே. அவர் கதவைத் திறந்ததும் எனக்கு ஆங்கிலம் தடுமாறியது. இத்தனை வருடம் கழித்தும் மனம் கலங்கினால் என் ஆங்கிலத்துக்குக் கால் முளைத்து ஓடிவிடுகிறது. யாழினி பேசினாள். படகு, சூடு, குளிர்ந்த தண்ணீர், மூச்சுக்குழாய் எல்லாவற்றையும் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துவதுபோல நிதானமாக விளக்கினாள்.

வால்ட்டர் கொட்டகைக்குப் போய் வண்டியின் பின்னால் நின்றார். பதினோரு கோடைக்காலம் அப்படித்தான் இறக்கினேன் என்றார். இதற்கு முன்னிருந்த வண்டியும் இப்படித்தான் ஊளையிட்டதாம், செய்த கம்பெனியைத் திட்டிக்கொண்டே இருந்தாராம். பிறகு யாழினியைப் பார்த்து, "நீங்கள் வந்து சொல்லியிருக்க வேண்டியதில்லை" என்றார். அவர் கண் நிறைந்திருந்தது. நான் அவரைப் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு எனக்கு முதுகு கூசியது.

அவரே வண்டியை ரமோனிடம் விட்டார். துரு ஆழமாகப் போகவில்லை. பேரிங்கும் ரப்பர் வளையங்களும் மாற்றி, உள்ளே இரண்டுமுறை எண்ணெய் விட்டுக் கழுவி, மூச்சுக்குழாயை நீட்டி மேலே உயரத்தில் கட்டினார் ரமோன். வால்ட்டர் சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி திறந்து பார்த்தோம். தேன் நிறம். வண்டியை வாங்கினோம். இன்ஷூரன்ஸ் கவுண்டரில் "மிஸ் டாங்கரசூ" என்று கூப்பிட்டார்கள். யாழினி எழுந்து போய், "தங்கராசு, அது என் தாத்தா பேர்" என்று திருத்திவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

அவள் வடக்கே போய் இப்போது ஏழு வாரம் ஆகிறது. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. செல்வி இன்னும் மூன்று பேருக்குத்தான் உலை வைக்கிறாள்.

போன வாரம் ஆயுத பூஜை. எங்கள் குடும்பத்து வாட்ஸாப் குழுவில் இப்போது சேவியர் மாமாவும் இருக்கிறார். யாழினி ஒரு படம் போட்டாள். ஏரி, கரையில் சாம்பல் நிற வண்டி, கண்ணாடியில் ஒரு கோணல் சந்தனப் பொட்டு, பக்கத்தில் ஒரு சிவப்பு வாளி. கூடவே அவள் குரல். "தாத்தா, நான் வண்டி கழுவினேன். கரையில நிறுத்தி, வாளியில தண்ணி எடுத்து. நீ பொரி சாப்பிட்டியா?" தாத்தாவை நீ என்று கூப்பிடக் கூடாது என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு அந்த நீ பிடித்துப்போய்விட்டது.

ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது, சேவியர் மாமாவின் குரலில். பின்னால் அப்பா பொரி மெல்லும் சத்தம் நன்றாகக் கேட்டது.

"ரொம்ப சந்தோஷம் கண்ணு. எதுக்கும் அந்தச் சக்கரத்து உள்பக்கத்தக் கொஞ்சம் போட்டோ எடுத்து அனுப்பு. ஒங்க வம்சத்த நான் நம்ப மாட்டேன்."

அப்பா பொரி புரையேறச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வரும் இடத்தை மட்டும் நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.